புளியங்கொட்டையும் மஞ்சப்பையும்: ஓர் ஊரின் ஒத்துழைப்பை அளப்பது எப்படி

மதுரையைச் சுற்றி எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும், "முன்ன மாதிரி ஊரு ஒத்துமையா இல்லைங்க" என்ற பேச்சு காதில் விழும். கண்மாய்க் கரைக்கு மண் போட வீட்டுக்கு ஒரு ஆள் வந்த காலம் போய்விட்டது, தலைக்கட்டு வரி பிரிக்க ஒரே வீட்டுக்கு மூன்று தடவை நடக்க வேண்டியிருக்கிறது என்பார்கள். இதைப் பேச்சோடு விடாமல் அளந்து பார்க்க ஓர் ஆட்டம் இருக்கிறது. மனிதர்கள் ஏன் ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள் என்று ஆராயும் பரிணாம உயிரியலாளர்களும் பொருளியலாளர்களும் உலகம் முழுக்க இதைத்தான் ஆடவைக்கிறார்கள். கணினி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். முந்நூறு புளியங்கொட்டை, கொஞ்சம் மஞ்சள் துணி, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, கணக்கில் பிசகாத இரண்டு பேர் உட்பட வேலைக்கு ஆறு பேர் போதும்.

கல்லூரி மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கண்மாய்ச் சங்கங்களோடு வேலை செய்பவர்களும் அப்படியே எடுத்து நடத்தும்படி இந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. நடத்துவது எளிது. வந்த எண்களைத் தப்பாகப் படிக்காமல் இருப்பதுதான் கடினம், அதனால் பின்பாதியில் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

ஆட்டத்தின் கணக்கு

நான்கு பேர் ஒரு குழு. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்குப் பத்துக் கொட்டை. அதில் எத்தனையை வேண்டுமானாலும் பொதுப்பையில் போடலாம், மிச்சம் அவர்களுடையது. பொதுப்பையில் சேர்ந்ததை இரண்டு மடங்காக்கி, போட்டவர் போடாதவர் என்று பார்க்காமல் நான்கு பேருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும்.

நால்வரும் பத்தையும் போட்டால் பையில் 40, இரட்டித்தால் 80, ஆளுக்கு 20. ஒருவரும் போடாவிட்டால் ஆளுக்கு 10. மூன்று பேர் பத்துப் போட்டு ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டால் பையில் 30, இரட்டித்து 60, பங்கு 15. போட்டவர்களுக்கு 15, மூடிக்கொண்டவருக்கு 25. இதுதான் கண்மாயின் கதையும். கரை உயர்ந்தால் தண்ணீர் எல்லா வயலுக்கும் வரும், மண் சுமக்காதவர் வயலுக்கும் சேர்த்து.

ஒரு கொட்டை போட்டால் அதில் அரைக் கொட்டைதான் போட்டவருக்குத் திரும்புகிறது, மற்ற மூவருக்கும் ஆளுக்கு அரை. அதாவது கொடுப்பவருக்குச் செலவு அரை, பிறருக்குப் பயன் ஒன்றரை. இந்த இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள், சொந்தபந்தம் பற்றிய பகுதியில் தேவைப்படும்.

பொருள்கள்

24 பேருக்குத் திட்டமிடுங்கள், ஆறு குழு. ஏன் ஆறு என்பதைக் கடைசியில் சொல்கிறோம். மாசி, பங்குனியில் புளி குத்தும் வீடுகளில் கேட்டால் கொட்டை சும்மாவே கிடைக்கும். 240 தேவை, தொலைவதற்குச் சேர்த்து 300 எடுத்துக்கொள்ளுங்கள். சதையும் நாரும் போகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். பிசுக்கு இருந்தால் இரண்டு கொட்டை ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை தவறும். பிறகு தாயக் கட்டைக்குத் தேய்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். 300 கொட்டையைத் தேய்க்க இரண்டு பேருக்கு ஒரு பொழுது பிடிக்கும், ஆனாலும் இதை விட்டுவிடாதீர்கள். புளியங்கொட்டை யார் வீட்டிலும் கிடக்கும் பொருள், யாராவது மடியில் நாலு கொண்டுவந்தால் தேய்க்காத பக்கம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளுக்கு இரண்டு துணிப்பை, பொதுப்பைக்குப் போடுவதற்கு மஞ்சள் ஒன்று, தனக்கு வைத்துக்கொள்வதற்கு வெள்ளை ஒன்று, சாண் அளவில் தைத்தது. ஜவுளிக்கடை மஞ்சப்பை இதற்குப் பெரிது. ஒவ்வொரு பையின் உள்மடிப்பிலும் இருக்கை எண்ணை எழுதுங்கள். பாத்திரம் மட்டும் வேண்டாம். எவர்சில்வர் கிண்ணத்தில் கொட்டை விழும் "டிங்" சத்தத்தைப் பக்கத்தில் இருப்பவர் எண்ணிவிடுவார். மூன்று சத்தம் கேட்டால் மூன்று கொட்டை என்று அறைக்கே தெரிந்துவிடும், அதோடு ரகசியம் போய்விடும். துணியில் விழுந்தால் சத்தம் வராது.

மளிகைக் கடை அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு மூன்று பக்கத்தை மறைப்பாக ஆளுக்கு ஒன்று நிறுத்துங்கள். கோடு போட்ட நீள நோட்டு இரண்டு, ஒன்று எழுத, ஒன்று சரிபார்க்க.

பணம்: ஒரு கொட்டைக்கு 50 பைசா. ஒரு குழு ஒரு சுற்றில் அதிகபட்சம் 80 கொட்டை சம்பாதிக்கும். ஆறு குழு, இருபது சுற்று என்றால் 9,600 கொட்டை, 4,800 ரூபாய். வந்ததற்காகவே ஆளுக்கு 100 ரூபாய், அது 2,400. ஆக 7,200 ரூபாய் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். காசு இல்லாமல் "சும்மா ஆடிப்பாருங்க" என்றால் எல்லோரும் பெருந்தன்மையாக ஆடுவார்கள். நிஜமாகக் கைவிட்டுப் போகும்போது கை என்ன செய்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

இடம், நாள், ஆட்கள்

சாவடியில் நடத்தாதீர்கள். அங்கே யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கும், சிலர் உள்ளே வரவே தயங்குவார்கள். கோயில் மண்டபமும் வேண்டாம், சாமி முன்னால் பை நீட்டினால் அது உண்டியலாகிவிடும். பள்ளிக்கூட வகுப்பறை நல்லது. சமுதாயக் கூடம் எல்லாத் தெருக்காரர்களும் புழங்கும் இடமாக இருந்தால் அதுவும் சரி.

முகூர்த்த நாள், நடவு நாள், அறுப்பு நாள், சித்திரைத் திருவிழா வாரம் ஆகாது. வேலை இல்லாதவர்கள் மட்டும் வந்து சேர்வார்கள், ஊரின் கலவை கிடைக்காது. ஊர்ப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். ஆனால் ஆட்டம் நடக்கும்போது அவர் அறையில் இருக்க வேண்டாம் என்பதையும் அப்போதே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அம்பலகாரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அறையில் யாரும் வெறுங்கையோடு பையை மூடமாட்டார்கள்.

கல்லூரி சார்பில் செய்வதானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. எல்லோரிடமும், "எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போகலாம், நூறு ரூபாய் அப்பவும் உண்டு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வேலைக்கு ஆறு பேர்: விளக்க ஒருவர், பை எடுத்துக் கொடுக்க மூவர், எழுத ஒருவர், சரிபார்க்க ஒருவர். சுற்றுக்கு ஐந்து நிமிடம், விளக்கத்துக்கு முக்கால் மணி, நடுவில் டீ. மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும்.

சொல்லிக்கொடுப்பது

விளக்கத்தை முன்பே எழுதி வைத்து அப்படியே படியுங்கள். வாய்க்கு வந்தபடி விளக்கினால் ஓர் ஊரில் ஒரு சொல், அடுத்த ஊரில் வேறு சொல் என்று மாறிவிடும். ஒரு சொல் ஆட்டத்தையே திருப்பிவிடும். "கோயில் வரி" என்றால் கொடுப்பார்கள், "முதலீடு" என்றால் யோசிப்பார்கள், "நன்கொடை" என்றால் வெட்கத்தில் போடுவார்கள். "மஞ்சள் பை", "வெள்ளைப் பை" என்று நிறத்தை மட்டும் சொல்லுங்கள்.

அப்படியும் அவர்களே ஒரு பெயர் வைப்பார்கள். கென்யாவின் ஓர்மா மக்களிடம் இதை நடத்தியபோது அவர்கள் தாங்களாகவே "இது ஹராம்பே" என்றார்கள். பள்ளிக்கூடம் கட்டவும் ரோடு போடவும் ஊரே பணம் போடும் அவர்களுடைய வழக்கம் அது. இங்கே "தலைக்கட்டு வரி மாதிரி" என்று யாராவது சொன்னால் ஆமோதிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். யார், எந்தச் சுற்றில், எந்த வார்த்தையில் சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள். புதிய ஆட்டத்தை மனிதர்கள் பழகிய வழக்கத்தின் வழியாகத்தான் புரிந்துகொள்கிறார்கள், அந்தக் குறிப்பு எண்களைவிட அதிகம் பேசும்.

புரிந்ததா என்று நான்கு கேள்வி கேட்டுத் தனித்தனியாகச் சோதியுங்கள். யாருமே போடாவிட்டால் உங்களுக்கு எத்தனை? பத்து. எல்லோரும் பத்துப் போட்டால்? இருபது. நீங்கள் மட்டும் போடவில்லை, மற்றவர்கள் பத்துப் போட்டார்கள், உங்களுக்கு? இருபத்தைந்து. நீங்கள் மட்டும் பத்துப் போட்டீர்கள், வேறு யாரும் போடவில்லை, உங்களுக்கு? ஐந்து. கடைசிக் கேள்வியில்தான் அதிகம் தடுமாறுவார்கள். இரண்டு முறை கொட்டையை வைத்தே செய்துகாட்டியும் பிடிபடாதவருக்கு நூறு ரூபாயும் டீயும் கொடுத்து நன்றி சொல்லி அனுப்பி, காத்திருப்பவரை உட்காரவையுங்கள். குழப்பத்தில் போட்ட கொட்டை கணக்கில் தாராளமாகத் தெரியும்.

ஒரே குழுவில் யார் யார் என்பது ஆடுபவர்களுக்குத் தெரியக் கூடாது. சீட்டுக் குலுக்கி இருக்கை எண்ணைக் கொடுங்கள். எந்த எண் எந்தக் குழு என்ற தாள் எழுதுபவரிடம் மட்டும் இருக்கட்டும்.

முதல் சுற்றுக்கு முன் ஒரு சின்ன வேலை. பதினொரு கட்டம் உள்ள ஒரு சீட்டைக் கொடுத்து, "மத்த மூணு பேரும் சராசரியா ஒண்ணுமே போடலேன்னா நீங்க எத்தனை போடுவீங்க? ஒண்ணு போட்டா? ரெண்டு போட்டா?" என்று பத்துவரை நிரப்பச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஓர் ஆள் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டு எழுதலாம். பிறர் போடப் போட எண் ஏறினால் அவர் நிபந்தனையோடு கொடுப்பவர். எல்லாக் கட்டத்திலும் சைபர் என்றால் ஓசியில் வாழப்பார்ப்பவர். ஃபிஷ்பாக்கர், கெக்டர், ஃபேர் மூவரும் 2001-ல் வெளியிட்ட சோதனையில் ஆடிய 44 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் வகை, முப்பது சதவீதம்போல இரண்டாம் வகை. எது வந்தாலும் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் மிகக் குறைவு.

ஒரு சுற்று

பத்துக் கொட்டையும் இரண்டு பையும் மறைப்புக்குள் போகின்றன. பிரித்துப் போட்டதும் இரண்டு பையையும் திருப்பி வாங்கி, எழுதுபவரின் மேசையில் இரண்டையும் எண்ணுங்கள். கூட்டினால் பத்து வரவேண்டும். ஒரு குழுவின் மஞ்சள் பைகளில் 10, 8, 5, 0 இருந்தன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 23, இரட்டித்தால் 46, பங்கு பதினொன்றரை. அந்த அரையைத் தள்ளாதீர்கள், ஏற்றவும் வேண்டாம், அப்படியே எழுதுங்கள். இப்போது நால்வர் வரவும் முறையே 11½, 13½, 16½, 21½. சரிபார்க்கச் சுருக்கு வழி ஒன்று உண்டு: நால்வர் வரவையும் கூட்டினால் 40-உம் பொதுப்பையில் இருந்ததும் சேர்ந்து வரும். இங்கே 63, சரி. ஒவ்வொரு சுற்றிலும் இதைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். நான்காம் சுற்றில் நுழைந்த தவறு பத்தாம் சுற்றில் தெரிந்தால் அந்தக் குழுவின் கணக்கே வீண்.

ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் "உங்கள் குழுவின் மஞ்சள் பைகளில் 23, உங்கள் பங்கு 11½" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த சுற்று. பத்துச் சுற்று என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்தக் கட்டத்திலும் பொய் சொல்லக் கூடாது. ஒருமுறை ஏமாந்த ஊர் அடுத்து வருபவரையும் நம்பாது.

பெரும்பாலும் நடப்பது இது: முதல் சுற்றில் சராசரி நான்கிலிருந்து ஆறுக்குள் இருக்கும். பிறகு சுற்றுக்குச் சுற்று இறங்கி, பத்தாவதில் அடிமட்டத்துக்குப் போகும். "மனுசன் சுயநலக்காரன், தெரிஞ்சதுதானே" என்று இங்கேயே நோட்டை மூடிவிடாதீர்கள். ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1988-ல் காட்டியதுபோல், ஆட்டத்தை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் சராசரி திரும்ப மேலே ஏறுகிறது. சுயநலத்தைக் கற்றுக்கொண்டுதான் இறங்கினார்கள் என்றால் இப்படி ஏறாது. நிபந்தனையோடு கொடுப்பவர்கள் மற்றவர்கள் குறைப்பதைப் பார்த்துத் தாங்களும் குறைக்கிறார்கள். "அவன் வரல, நான் மட்டும் ஏன் மண்ணு சுமக்கணும்?" என்ற அதே பேச்சுதான். முன்பு நிரப்பி வாங்கிய பதினொரு கட்டச் சீட்டோடு வைத்துப் பார்த்தால் யார் எந்தச் சுற்றில் இறங்குவார் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும்.

இரண்டாம் பத்து: கழிப்பு

டீக்குப் பிறகு அதே குழுக்கள், இன்னொரு பத்துச் சுற்று. இப்போது ஒவ்வொரு சுற்று முடிவிலும் குழுவில் மற்ற மூவரும் தனித்தனியாக எத்தனை போட்டார்கள் என்று பெயரும் இருக்கை எண்ணும் இல்லாமல் காட்டுங்கள். விரும்பினால் தன் வரவிலிருந்து ஒரு கொட்டை செலவழித்து இன்னொருவர் வரவில் மூன்று கழிக்கலாம். ஓர் ஆள்மேல் ஒரு சுற்றில் மூன்று கொட்டைக்குமேல் செலவழிக்க அனுமதிக்காதீர்கள், யாருடைய வரவும் சைபருக்குக் கீழே போகக் கூடாது. இதற்கு "தண்டனை", "அபராதம்", "தண்டம்" என்ற பெயர்கள் ஆகாது. தண்டம் என்றதும் ஊர்க்கூட்டம் நினைவுக்கு வரும், கூடவே பழைய வழக்குகளும். "கழிப்பு" போதும்.

காட்டும் வரிசையைச் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள். முதல் வரியில் இருப்பவர் எப்போதும் அதே ஆள் என்று தெரிந்தால் பழிவாங்கல் தொடங்கிவிடும், நீங்கள் அளக்க வந்தது வேறு.

ஃபேரும் கெக்டரும் சூரிச்சில் மாணவர்களை வைத்து நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுக்குச் சுற்று குழுவே மாறினாலும், தண்டித்தவர் மறுபடி அந்த ஆளைச் சந்திக்கவே மாட்டார் என்றாலும், கைக்காசைச் செலவழித்துக் கழித்தார்கள். பொதுப்பையில் போடுவதும் ஏறியது. ஊரில் நடத்தினாலும் பல குழுக்களில் சராசரி ஏறும். எல்லாவற்றிலும் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2008-ல் வந்த, 16 நகரங்களை ஒப்பிட்ட ஆய்வில், ஏதென்ஸ், மஸ்கட் போன்ற இடங்களில் நிறையப் போட்டவர்களையும் மற்றவர்கள் கழித்தார்கள்; அங்கே ஒத்துழைப்பு அவ்வளவாக ஏறவில்லை. உங்கள் நோட்டில் பத்துப் போட்டவருக்குக் கழிப்பு விழுந்திருந்தால் அது எழுத்துப் பிழை என்று தள்ளாதீர்கள். "பெரிய இவன்" என்று காட்டிக்கொள்பவரைத் தட்டிவைப்பது ஆட்டத்துக்கு வெளியிலும் உண்டு.

மடையைக் கவனித்த நீர்க்கட்டி என்ற ஊர் ஆளை இங்கே நினைத்துப் பாருங்கள். கண்காணிப்பு வேலை அவருக்கு, கூலி அறுப்பில் ஆயக்கட்டுக்காரர்கள் அளக்கும் நெல். அந்த ஏற்பாட்டில் தன் கைக்காசைப் போட்டு அடுத்தவரைத் திருத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, ஊரே சேர்ந்து அதை ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறது. எலினர் ஆஸ்ட்ரம் 1990-ல் எழுதிய நூலில், பல தலைமுறை நீடித்த பொதுச் சொத்துகளில் பயன்படுத்துபவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட கண்காணிப்பாளர் இருப்பதையும், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதையும் பொதுக்கூறுகளாகக் காட்டினார். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் மூன்றாம் பத்து ஒன்று நடத்துங்கள்: ஆளாளுக்குக் கழிக்காமல் குழு சேர்ந்து ஒருவரைக் கழிப்பாளராக ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் கணிப்பில் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு மிகவும் பொருந்தும் வடிவம் இதுதான்.

சொந்தபந்தத்தைக் கணக்கில் சேர்ப்பது

உறவு பற்றிய கேள்விகளை ஆட்டம் முடிந்த பிறகுதான் கேட்க வேண்டும். முன்பே கேட்டால் சொந்தத்தை நினைத்துக்கொண்டே ஆடுவார்கள். அவர்கள் சொல்லும் முறைப்பெயரை அப்படியே எழுதி, பிறகு எண்ணாக மாற்றுங்கள்.

வில்லியம் ஹாமில்டன் 1964-ல் தந்த விதி: உறவு எண்ணை (இருவருக்கும் பொது மூதாதையர் வழியாக வந்த மரபணுக்களின் பங்கு) பிறருக்குக் கிடைக்கும் பயனால் பெருக்கினால் வருவது கொடுப்பவரின் செலவைவிட அதிகமாக இருந்தால், அந்தக் கொடுக்கும் குணம் இயற்கைத் தேர்வில் பரவும். உடன்பிறந்தவர்களுக்கு உறவு எண் 1/2. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் 1/4. அத்தை மகன், மாமன் மகள், சித்தப்பா மகன், பெரியம்மா மகள் எல்லாம் 1/8.

நம் ஆட்டத்தில் பயன் ஒன்றரை, செலவு அரை. ஆகவே குழுவில் உள்ள மற்றவர்களோடு உறவு எண் 1/3-க்குமேல் இருந்தால்தான் ரத்த உறவு மட்டுமே கொடுப்பதற்குக் காரணமாக முடியும். கூடப்பிறந்தவர்கள் தாண்டுகிறார்கள். தாய்மாமன் தாண்டவில்லை, அத்தை மகன் கிட்டவே வரவில்லை. யாரோடு ஆடுகிறோம் என்றே தெரியாத 24 பேர் சராசரியாக ஐந்து போட்டிருந்தால் அதை ரத்தபாசம் என்று விளக்க முடியாது. ராபர்ட் டிரிவர்ஸ் 1971-ல் சொன்ன பரஸ்பர உதவி, பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ளும் அக்கறை, ஊர் வழக்கம் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும். பரஸ்பர உதவிக்கு இங்கே தேடி அலைய வேண்டாம், வீட்டுக்கு வீடு மொய் நோட்டு இருக்கிறது. யார், எந்த ஆண்டு, எவ்வளவு செய்தார்கள், திரும்ப எவ்வளவு செய்தோம் என்று முப்பது வருடச் செய்முறை எழுத்திலேயே கிடைக்கும். வீட்டார் சம்மதித்தால் பெயர்களை மறைத்து ஆண்டையும் தொகையையும் மட்டும் குறித்து வாங்குங்கள்.

சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த வீடுகளில் எண் மாறும், இந்தப் பகுதிக்கு அது முக்கியம். அக்கா மகளைக் கட்டியவரின் பிள்ளைகள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவிக்குள் 1/4 இருப்பதால் வம்சாவளிக் கணக்கில் அந்தப் பிள்ளைகளுக்கு இடையே 1/2 அல்ல, 5/8. ஆனால் ஹாமில்டன் விதியில் போடும்போது, கொடுப்பவர் தானே சொந்தக் கல்யாணத்தில் பிறந்தவர் என்பதால் ஒன்றோடு 1/8 சேர்த்து அதனால் வகுக்க வேண்டும். கிடைப்பது 5/9. இந்த வகுத்தலை விட்டுவிட்டு, "சொந்தத்தில் கட்டிய வீட்டில் பாசம் அதிகம்" என்று எழுதிவிட வேண்டாம்.

இன்னொரு இடறல் முறைப்பெயரில் இருக்கிறது. சித்தப்பா மகன் பங்காளி, மாமன் மகன் மச்சான். மரபணுக் கணக்கில் இருவரும் 1/8, ஆனால் ஒரே ஆள் இந்த இருவரிடமும் நடந்துகொள்வது ஒரே மாதிரியா? பங்காளியோடு வரப்புத் தகராறு வருவதற்கும், மச்சானிடம் கைமாற்று எளிதாகக் கிடைப்பதற்கும் சொத்து எந்த வழியில் இறங்குகிறது என்பதோடு தொடர்பு உண்டு. ஒரே நிலத்துக்குப் போட்டியிடும் சொந்தக்காரர்களிடையே, உதவியின் பயனைப் போட்டியே தின்றுவிடும் என்பது பரிணாமக் கணக்கிலும் தெளிவாக வரும் முடிவுதான். அதனால் நோட்டில் இரண்டு பத்தி வேண்டும், ஒன்று உறவு எண்ணுக்கு, ஒன்று முறைப்பெயருக்கு. ஒன்றை மற்றதால் மாற்றிவிடாதீர்கள்.

இதையும் மறக்க வேண்டாம்: ஹாமில்டன் விதி பல தலைமுறைகளில் எந்தக் குணம் பரவும் என்பதைச் சொல்கிறது. அன்று மதியம் மறைப்புக்குள் இருக்கும் கை எட்டில் ஒன்று, நாலில் ஒன்று என்று கணக்குப் போடுவதாக அது சொல்லவில்லை. ஒரு குணம் ஏன் தோன்றியது என்பதும், இந்த நிமிடம் அதை எது தூண்டுகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இந்தப் பிரிவை விலங்கு நடத்தை ஆய்வாளர் டின்பெர்கன் 1963-லேயே தெளிவாக எழுதிவைத்தார்.

எண்களைப் படிப்பது

24 பேர் ஆடினார்கள், அதனால் 24 தரவு என்று எண்ணுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஒரு குழுவில் ஒருவர் குறைத்ததைப் பார்த்து மற்றவர் குறைக்கிறார், நால்வரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள். உங்களிடம் இருப்பது ஆறு தரவுதான். கழிப்பு வந்ததும் எல்லாக் குழுவிலும் சராசரி ஏறியது என்று வைத்துக்கொள்வோம். வெறும் தற்செயலில், காசைச் சுண்டியதுபோல், எல்லாம் ஒரே பக்கம் விழ வாய்ப்பு எவ்வளவு? நான்கு குழு என்றால் எட்டில் ஒன்று, இதை நம்பி எதையும் சொல்ல முடியாது. ஆறு குழு என்றால் முப்பத்திரண்டில் ஒன்று, ஓரளவு நம்பலாம். ஆறு வைத்ததற்கு இதுதான் காரணம். ஐந்து ஏறி ஒன்று இறங்கினால் "ஏறியது" என்று எழுதாமல் இன்னோர் ஊரில் நடத்துங்கள்.

அங்கே கழிப்பை முதல் பத்திலும் சாதா ஆட்டத்தை இரண்டாம் பத்திலும் வையுங்கள். இல்லாவிட்டால் சராசரி ஏறியது கழிப்பாலா, டீக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியதாலா என்று பிரிக்க முடியாது. மறுதொடக்கமே ஏற்றும் என்பதை மேலே பார்த்தோம்.

ஆட்டத்தில் தெரிவது வெளியிலும் இருக்கிறதா? எத்தியோப்பியாவின் பாலே மலைப்பகுதியில் காட்டைப் பராமரிக்கும் 49 குழுக்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், நிபந்தனையோடு கொடுப்பவர்கள் அதிகமாக இருந்த குழுக்களின் காடு நன்றாக இருந்தது. இங்கே கரைவேலைக்கு வந்த ஆள் கணக்கு, வரி நோட்டில் கெடு தாண்டிய நாள் கணக்கு இரண்டையும் எடுத்து ஒப்பிடலாம். கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊரானால் இன்னும் நல்லது. தொடங்கலாம் என்று வெள்ளைத் துண்டு வீசுவதற்கு முன்பே ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு தண்ணீரில் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று கரையில் நின்று எண்ணினாலே ஓர் அளவு கிடைத்துவிடும்.

மரபணு என்று பேச்சு வந்தால்

வரும். முடிவைக் கேட்டதும், "அது அந்தத் தெருக்காரங்க ரத்தத்துலயே இருக்கு" என்று யாராவது சொல்வார். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

ஒத்துழைப்பில் மரபின் பங்கு உண்டு. ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இரட்டையர்களை வைத்து 2008-ல் வெளியான நம்பிக்கை ஆட்ட (ஒருவர் நம்பிப் பணம் அனுப்ப, மற்றவர் எவ்வளவு திருப்பித் தருவது என்று முடிவு செய்யும் ஆட்டம்) ஆய்வில், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பத்திலிருந்து இருபது சதவீதம்வரை மரபால் விளக்க முடிந்தது. கணக்கு இப்படி: ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையர்களின் ஒற்றுமை எண்ணிலிருந்து, தனிக் கருவில் வந்த இரட்டையர்களின் ஒற்றுமை எண்ணைக் கழித்து இரண்டால் பெருக்க வேண்டும். 0.4, 0.3 என்று இருந்தால் 0.2, அதாவது இருபது சதவீதம். இது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டின் பங்கு மட்டுமே. ஒரு தனி ஆளைப் பற்றியோ, இரண்டு கூட்டங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றியோ இது ஒன்றும் சொல்லாது. ஒரே மூட்டை விதைநெல்லைத் தலைமடையில் பாதி, கடைமடையில் பாதி தெளியுங்கள். ஒவ்வொரு வயலுக்குள்ளும் பயிருக்குப் பயிர் உயர வித்தியாசம் விதையால் வரலாம். இரண்டு வயலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் முழுக்கத் தண்ணீரால் வந்தது.

தனி ஒரு மரபணுவைக் கொண்டு ஆளின் தாராளத்தைச் சொல்லப் பார்த்த ஆய்வுகள் பெரிய மாதிரிகளில் நிலைக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்ட எம்130 குறியீட்டையும் இந்தப் பேச்சில் இழுப்பார்கள். அது தந்தை வழியில் மூதாதையர் வந்த பாதையைக் காட்டும் அடையாளம். குணத்தைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

இந்த மண்ணில் இதை அழுத்திச் சொல்ல வேண்டிய காரணம் இருக்கிறது. குணம் பிறப்பில் வருகிறது என்ற எண்ணத்தின் மேல்தான் 1871-ல் குற்றப்பரம்பரைச் சட்டம் எழுதப்பட்டது. 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்து, ஊர் ஊராக ஆண்களைக் கைரேகை வைக்கச் சொன்னது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. ஆகவே சாதிவாரி, தெருவாரி சராசரி போடாதீர்கள். ஆறு குழுவை வைத்து அப்படிப் போடும் சராசரிக்குப் பொருளும் கிடையாது, அது வெளியே கசிந்தால் ஆகும் கேட்டுக்கு அளவும் கிடையாது.

கடைசி வேலை

பணத்தை அன்றே, ஒட்டிய கவரில், ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்கு வரவழைத்துக் கொடுங்கள். வரிசையில் நிற்கவைத்து எண்ணிக் கொடுத்தால், யாருக்கு அதிகம் வந்தது, அப்படியானால் யார் போடவில்லை என்று வாசலிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். இருக்கை எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் ஒன்றுதான் இருக்க வேண்டும். உறவு எண்ணை மாற்றி எழுதி முடித்த அன்றே அதை எரித்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் ஊருக்குத் திரும்பிப் போய் முடிவைக் காட்ட வேண்டும். ஒரு சார்ட் தாளில் இருபது சுற்று கிடையாக, பத்துவரை செங்குத்தாக, ஆறு குழுவுக்கும் ஆறு கோடு, பெயரில்லாமல். பத்தாம் சுற்றுக்கும் பதினொன்றாம் சுற்றுக்கும் நடுவே ஒரு சிவப்புக் கோடு போட்டு, "இங்கே கழிப்பு வந்தது" என்று எழுதிவிட்டு நீங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். கோடு ஏன் இறங்கியது, எதனால் ஏறியது என்று கூட்டத்தில் இருப்பவர்களே சொல்லட்டும். அவர்கள் சொல்வதையும் அதே நோட்டில், தேதி போட்டு, அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.